பைய வரும்படி நான் சொல்லவில்லை

எனக்கு எழுபத்துநாலு வயது. ஒன்பது பெற்றேன், ஆறு வளர்த்தேன். ஆறு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். அதில் நாலு பேர் பெண்கள்.

போன வாரம் எங்கள் சபையின் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். நன்றாக எழுதுவது எப்படி என்று பெண்களுக்காக ஒரு கைப்புத்தகம் போடுகிறார்களாம். ஊரில் பாதிப் பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவள் என்பதால் என்னிடமும் நாலு வரி வேண்டுமாம். நான் வாயால் சொன்னால் போதும், அவள் குறித்துக்கொண்டு போய் அழகாக்கி எழுதிக்கொள்வாளாம். அழகாக்கி என்றதும் எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது. நீ ஒன்றும் அழகாக்க வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. சுருங்கட்டும். அழகாக்கி எழுதியதால் என் வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் எப்படி எழுதுவது என்று என்னால் சொல்ல முடியாது. நாலு வரிக்குள் அது அடங்காது.

எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம். ஓலைக் கூரை போட்ட மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்தேன். படித்தேன் என்றால் வாசிக்கப் படித்தேன். ஆண்பிள்ளைகளுக்கு வாசிப்பும் எழுத்தும் உண்டு. பெண்களுக்கு வாசிப்பும் தையலும். வாசிக்கத் தெரிந்தால் பெண் வேதம் வாசிப்பாள், எழுதத் தெரிந்தால் எவனுக்காவது கடிதம் எழுதுவாள் என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அதனால் எங்கள் ஊரில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆனோம். அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவோம். கையால் எழுதிய காகிதத்தை நீட்டினால் ஒன்றும் விளங்காது. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடும் அந்தக் கையெழுத்தில் எங்கே ஒரு எழுத்து முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று எங்களுக்கு யாரும் காட்டித் தரவில்லை. இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். பாதி திறந்த கதவைப் போல ஒரு படிப்பைக் கொடுத்து, கும்பிடு போடச் சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அவருக்கு அந்தப் பாதியும் கிடையாது. எனக்கு முப்பத்துமூன்று வயதில், கைக்குழந்தையோடு நாலு பிள்ளைகள் இருக்கும்போது, போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுத்தார்கள். தொழிற்சாலைக்குப் புகைக்கூண்டு கட்டும் வேலை. ஆவணியில் மலையேறினார். கிறிஸ்துமஸுக்கு இறங்கிவிடுவேன் என்று சொல்லிப் போனார்.

ஐப்பசியில் விதுராவிலிருந்து மிளகு ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர் சந்தையில் என்னைப் பார்த்தார். உன் ஆளுக்கு ஒன்றுவிட்ட ஒரு நாள் குளிர்காய்ச்சல் வருகிறது, வந்த நாளிலும் சாரத்தில் ஏறிக் கல் வைக்கிறார், நான் கண்ணால் கண்டேன் என்றார். மலைக் காய்ச்சல் என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த தெருவிலேயே அப்படி இரண்டு பேர் போயிருந்தார்கள். நான் வாங்கிய கருவாட்டை அங்கேயே வைத்துவிட்டு நேரே உபதேசியார் வீட்டுக்கு நடந்தேன்.

உபதேசியார் எங்கள் கோவிலில் ஜெபம் நடத்துகிறவர். ஊரில் யார் வீட்டிலிருந்து கடிதம் போனாலும் அது அவர் கையெழுத்து. யார் வீட்டுக்கு வந்தாலும் வாசிப்பது அவர் வாய். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன். ஒரு கடிதத்துக்கும் கைம்மாறு வாங்கியதில்லை. ஆனால் எழுதுவதில் அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. அரைப் பக்கம் ஸ்தோத்திரம் வரும். பிறகு ஒரு வேத வசனம். பிறகு அந்த நேரம் அவர் முற்றத்தில் நின்றவர்கள் அத்தனை பேருடைய வாழ்த்துதலும் மூப்பு முறைப்படி வரும். காரியம் இவற்றுக்கு இடையில் எங்காவது ஒடுங்கிக் கிடக்கும். இதைக் கேட்டு நாங்கள் குறைப்பட்டோமா என்றால் இல்லை. என்ன எழுத்து, என்ன எழுத்து என்று மெச்சினோம். நானும் மெச்சினேன். அது என் குற்றம், அதையும் எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் அவரிடம் சொன்னது மூன்று பேச்சு. காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் கடிதம் கண்டதும் இறங்கி வாருங்கள். வராவிட்டால் நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி வருவேன். அவர் மையைத் தொட்டுத் தொட்டு வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னேன். காகிதத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, நான் சொன்ன மூன்று பேச்சையும் நான் சொன்னபடியே வாசித்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. கைநாட்டு வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. தோட்டத்து ரைட்டர் எழுதியது. உபதேசியார் வாசித்தார். நீ எழுதியபடியே செய்கிறேன் என்று அதில் இருந்தது. நான் பாயைத் துவைத்துக் காயப் போட்டேன். வேது பிடிக்க நொச்சி இலை பறித்து வைத்தேன். வடக்கே இருந்து எந்த வண்டி வந்தாலும் போய் நின்றேன். நொச்சி காய்ந்து உதிர்ந்தது. வேறு பறித்தேன். கிறிஸ்துமஸ் வந்தது, போனது. அப்போது எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆளோடு பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்தேனே என்று நினைத்தேன். மூன்று பிள்ளைகளைக் கொழுந்தன் பெண்டாட்டியிடம், அதாவது என் ஓரகத்தியிடம், விட்டுவிட்டுக் கைக்குழந்தையோடு வண்டி ஏறினேன். நெடுமங்காடு வழியாக விதுரா வரை வண்டி. அதற்கு மேல் நடை. ஏறும்போதெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வாய்க்குள் சேர்த்துக்கொண்டே போனேன்.

தோட்டத்துக் கூலிகள் தங்கும் லயத்தில் ஒரு அறையில் சாக்கின் மேல் கிடந்தார். கண் மஞ்சள். வயிறு ஒரு பக்கம் கல் வைத்தாற்போல வீங்கியிருந்தது. கொத்துக்கரணை பிடிக்கும் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. சேர்த்து வைத்ததில் பாதி எனக்கு மறந்துபோனது. மீதிப் பாதியைக் கேட்டேன்.

“வாறேன்னு எழுதிட்டு இங்கன வந்து கெடக்கியளே. பிள்ளைய நாலு இருக்கது நெனப்பு இல்லியா?”

அவர், “நீதான பைய வரச் சொன்ன,” என்றார்.

காய்ச்சல் பேசுகிறது என்று நினைத்தேன். அவர் தலைமாட்டில் துணியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். என் கடிதம். என் கைநாட்டு இருந்தது. மேலே இருந்ததில் ஒரு எழுத்தும் எனக்கு விளங்கவில்லை. என் பெயரில் போன கடிதத்தை என்னால் வாசிக்க முடியவில்லை. ரைட்டரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தேன். அவர் திருநெல்வேலிக்காரர், நல்ல மனுஷர். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது அம்மா என்று சொல்லிக்கொண்டே ராகத்தோடு வாசித்தார்.

கர்த்தருக்குள் பிரியமான நாயகருக்கு அடியாள் எழுதிக்கொள்வது. காய்ச்சல் முதலிய உபத்திரவங்கள் தேவரீரை அணுகாதபடி அனுதினமும் ஜெபித்து வருகிறோம். தாங்கள் கையிட்ட வேலையைக் குறைவின்றி நிறைவேற்றி, திருவுளம்போல் சாவகாசமாய் எழுந்தருளும்படி வேண்டுகிறேன். பிறகு பதினேழு பேருடைய வாழ்த்துதல்.

மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். நான் சொன்னதில் காய்ச்சல் என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. அதையும் ஜெபத்துக்குள் போட்டு மூடியிருந்தார். என் வீட்டுக்காரருக்கு இந்த ரைட்டர்தான் அப்போதும் வாசித்துச் சொல்லியிருக்கிறார். சாவகாசம் என்றால் என்ன என்று அவர் கேட்டாராம். பையப் பைய வரலாம் என்று அர்த்தம் சொன்னாராம். என் பெண்டாட்டிக்கு அவசரம் இல்லை, வேலையை முடித்துவிட்டு வரச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இந்த மனுஷன் இரண்டு மாதம் காய்ச்சலோடு சாரம் ஏறியிருக்கிறார். புகைக்கூண்டு முடிந்த அன்றைக்கு விழுந்தவர்தான்.

அங்கே இருந்த மருந்தைக் கொடுத்தார்கள். காய்ச்சல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் நடக்க வழியில்லை. விதுரா வரை தோட்டத்து வண்டியில் இறக்கலாம், அதற்குமேல் அந்தக் குலுக்கல் ஆகாது, கட்டிலில் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஊரிலிருந்து கட்டிலும் ஆளும் வர வேண்டும். ரைட்டர் தானே முன்வந்து, நான் எழுதித் தருகிறேன் அம்மா என்றார். வேண்டாம், ஒரு பென்சிலும் காகிதமும் மட்டும் கொடுங்கள் என்றேன்.

என் மூட்டையில் புதிய ஏற்பாடு இருந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டேன். எனக்குத் தேவையான எழுத்து எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவேன். கண்டால் அதைப் பார்த்து அப்படியே வரைவேன். பிறகு அடுத்தது. கட்டில் என்ற சொல்லுக்கு நாலு பக்கம் புரட்டினேன். குழந்தை அழும், எழுந்து போவேன், வந்து மறுபடி உட்காருவேன். காலையில் கொழுந்தெடுக்கப் போனவர்கள் மாலையில் திரும்பும்போது ஆறு வரி முடிந்திருந்தது. அது முழுவதும் எனக்கு மனப்பாடம்:

கட்டில் ஒன்று வேண்டும். ஆள் நாலு வேண்டும். வருகிற புதன்கிழமை விதுரா சந்தைக்கு வரவும். அவருக்கு நடக்க முடியாது. சாகவில்லை. இதை நான் எழுதுகிறேன்.

சாகவில்லை என்று ஏன் போட்டேன் என்றால், கட்டில் என்றதும் என் ஓரகத்தி என்ன நினைத்து மாரில் அடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கிறவள் எந்த இடத்தில் பயப்படுவாள் என்று யோசித்து, அந்த இடத்திலேயே பதிலைப் போட்டுவிட வேண்டும். ரைட்டர் அதைப் பார்த்துவிட்டு, அச்சாபீஸில் அடித்த மாதிரி இருக்கிறதே, ஒரு வரியில் மூன்று சொல்தான் கொள்கிறது, இன்னும் ஒரு விசாரிப்பாவது சேர்க்கக் கூடாதா என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு நாழிகை செலவழித்துப் பாருங்கள், வேண்டாத சொல் ஒன்றைக்கூட வைக்க மனம் வராது.

கடிதத்தை ஓரகத்தி பெயருக்கு அனுப்பினேன். அங்கே நடந்ததை அவள் பிறகு சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரியும். தபால்காரர் வழக்கம்போல உபதேசியாரிடம் கொடுக்க, அவர் எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் நின்று பிரித்திருக்கிறார். வாசிக்கத் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் எட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்தால் வேதப் புத்தகத்து எழுத்து. தனித்தனி எழுத்து. காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி அவளே எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டாள். எங்கள் தெருவில் ஒரு பெண் தனக்கு வந்த கடிதத்தைத் தன் வாயால் வாசித்தது அதுதான் முதல் தடவை. உபதேசியார் நீட்டிய கையோடு நின்றாராம்.

புதன்கிழமை விதுரா சந்தையில் கட்டில் நின்றது. நாலு ஆள் கேட்டேன், ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஐந்தாவது ஆள் உபதேசியார். கடிதத்தைக் கேட்டதிலிருந்து மனம் கேட்கவில்லை என்று அவரே புறப்பட்டு வந்திருக்கிறார். ஆள் மாறும்போது அவரும் கட்டிலின் ஒரு காலுக்குத் தோள் கொடுத்தார். நான் குழந்தையோடு பக்கத்தில் நடந்தேன். கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகிறவரோடு சண்டை போடலாமா என்று பார்க்கவில்லை.

“உபதேசியாரே, நான் சொன்னது மூணு பேச்சு. அதுல ஒண்ணையாவது எழுதினீரா?”

“புருஷனை வா, எறங்குன்னு ஏவி எழுத முடியுமா பெண்ணே? அது நாலு பேரு கையில போற சாதனம். பேச்சு போயிரும், எழுத்து நிக்கும்.”

“நிக்கட்டும்னுதான எழுதச் சொன்னேன்.”

“உனக்கு நல்ல பேரு வரட்டும்னு பாத்தேன்.”

“எனக்குப் பேரு வந்துது. இவருக்கு என்ன வந்துதுன்னு தோளு சொல்லலியா உமக்கு?”

கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: “ரெண்டுபேரும் நல்லா சண்டை போடுங்க. கட்டில மட்டும் ஆட்டாண்டாம்.”

தூக்கியவர்கள் சிரித்தார்கள். நான் விடவில்லை. “எழுதினது அது. எனக்கு வாசிச்சது எது?” என்று கேட்டேன். அவர் கட்டில் காலை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, “நீ சொன்னது என் காதில அப்படியே நின்னுது. அதையே சொல்லிட்டேன்,” என்றார். வீடு வந்து சேர்ந்ததும் எங்கள் எல்லோருக்காகவும் முழங்காலில் நின்று ஜெபித்தார். அழுதார். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கும்பிடுகிற மனுஷனைத் திட்ட முடியாதே.

என் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு நாலு வருஷம் இருந்தார். கை ஆட்டம் நிற்கவில்லை. சுவர் நேர் பார்க்கத் தூக்குக்குண்டைப் பிடித்தால் குண்டு நிற்காது. இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. நான் எங்கள் கொல்லங்குளத்தில் தேங்காய்த் தொண்டு அழுக வைத்துக் கயிறு திரித்து எல்லோரையும் வளர்த்தேன். அது வேறு கதை. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான். சாப்பிடக் கூப்பிட்டால் அவர் உள்ளே இருந்து கேட்பார், உடனே வரட்டுமா, பைய வரட்டுமா என்று. விளையாட்டாகத்தான் கேட்பார். ஆனால் நான் வரச் சொல்லவில்லை என்று அந்த மலையில் இரண்டு மாதம் நம்பிக் கிடந்தாரே, அதை நான் எவ்வளவு எடுத்துச் சொல்லியும் முழுக்கத் துடைக்க முடியவில்லை. அவர் நெஞ்சில் முதலில் விழுந்தது எழுத்து. நான் பிறகு சொன்னதெல்லாம் வெறும் பேச்சு.

எங்கள் ஊர்ப் பெண்கள் அந்த வருஷமே என்னிடம் வரத் தொடங்கினார்கள். நான் அச்செழுத்தில் எழுதினால் பிறந்த வீட்டில் இருக்கும் தாயோ அக்காளோ தானே வாசித்துக்கொள்ளலாம், நடுவில் ஆண்பிள்ளை வேண்டாம் என்று கண்டுகொண்டார்கள். மகன் உத்தியோகத்துக்கு வந்து நான் திருவனந்தபுரத்தில் குடியேறிய பிறகும் விடவில்லை. இந்தச் சங்கத்துப் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது இதில்தான் இருக்கிறது. வருகிறவள் உட்கார்ந்ததும், என்ன எழுத வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். வாசிக்கிறவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பேன். வர வேண்டுமா, அனுப்ப வேண்டுமா, மன்னிக்க வேண்டுமா, சும்மா அழ வேண்டுமா. அது தெரிந்தால் அதுதான் முதல் வரி. அதைச் சொல்லக் கூசுகிறவள் திரும்பி வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரட்டும். விசாரிப்புகள் கடைசியில் இடம் இருந்தால் வரலாம்.

போன யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போன மகனுக்கு எழுத ஒரு தாய் வந்தாள். உன் தங்கை நன்றாக வளர்ந்துவிட்டாள் என்று எழுதச் சொன்னாள். நன்றாக என்றால் எப்படி என்று கேட்டேன். வளத்தி என்றால் வளத்தி என்றாள். நீ கடைசியாக அதை எப்போது கவனித்தாய் என்று கேட்டேன். யோசித்து, நேற்று அடுக்களை நிலையில் தலையை இடித்துக்கொண்டாள் என்றாள். அதைத்தான் எழுதினேன். உன் தங்கைக்கு அடுக்களை நிலை தட்டுகிறது, குனிந்து வருகிறாள். அந்தப் பையன் மூன்று மாதமாகப் பதில் போடாதவன், மறு தபாலிலேயே எழுதினான். கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான். நன்றாக, மிகவும், சொல்ல முடியாத என்று கை எழுதத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, எதைக் கண்டாய் என்று உன்னையே கேள். ஒன்றும் காணவில்லை என்றால் எழுதாதே. போய்ப் பார்த்துவிட்டு வா.

கோபத்தில் எழுதாதே என்று எல்லோரும் சொல்வார்கள். நான் கோபத்தில்தான் எழுதவே கற்றேன். கோபத்தில் எழுது. அடுத்த நாள் சோறு வடித்து வைத்துவிட்டு அதை எடுத்துப் பார். வசவை அடித்துவிடு, காரியத்தை விட்டுவிடு. இதிலும் உபதேசியாரைப் பற்றி நான் எழுதி அடித்தது இரண்டு பக்கம் உண்டு. அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது.

அப்புறம், எழுதியவர் வாயால் அதை வாசித்துக் கேட்காதே. நானே இதை வாசித்தால் காகிதத்தில் இல்லாததையும் வாசிப்பேன், மனதில்தான் எல்லாம் இருக்கிறதே. என் பேத்தி மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். தமிழை வேதப் புத்தகத்தில் வீட்டில் படித்தவள், தட்டித் தட்டித்தான் வாசிப்பாள். அதுவே எனக்கு நல்லது. அவள் தட்டுகிற இடத்தில் என் சொல் சரியில்லை என்று அடித்துவிடலாம். சங்கத்துப் பிள்ளை வருவதற்குள் முடித்துவிட வேண்டும், பேத்தியைக் கூப்பிடுகிறேன்.

மக்களே, அந்தப் புத்தகத்தை மூடி வச்சிட்டு இங்க வா. இதை முதல்ல இருந்து எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுதியிருக்கதை மட்டும் வாசி.